ருத்திரனுக்கு வைத்த மிச்சம்

“வேதத்துல எந்தச் சாமி பெரிசு, எந்தச் சாமி சின்னதுன்னு நீ எழுதி, அத யாரும்மா படிக்கப் போறாங்க?”

எங்கள் வரலாற்றுத் துறைத்தலைவர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. மேசைமேல் டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மேலே படிந்த ஆடையை விரல் நுனியால் ஒதுக்கியபடி, அக்கறையோடுதான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

எம்.ஃபில். சேர்ந்த புதிது. ஆய்வுத் தலைப்பை ஒரு முழுத்தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ‘தொடக்க கால வேதப் பாடல்களில் தெய்வங்களின் நிலை.’ அவர் தலைப்பைப் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி தலைப்பைப் பார்த்தார்.

“உங்க ஊர்ல வருசா வருசம் திருவிழா நடக்குமில்ல? எல்லச்சாமி, பொங்கல், கெடாவெட்டு. அதெல்லாம் உனக்குப் பழக்கம். அத எழுது. சீக்கிரம் முடிச்சிடலாம். உனக்கும் நல்லது.”

“அது எனக்குத் தெரிஞ்சதுதான சார். தெரியாதத தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.”

டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

“சரி. இந்தப் பருவம் முடியறதுக்குள்ள துறைக் கருத்தரங்கத்துல ஒரு கட்டுரை வாசி. எல்லாரும் கேக்கட்டும். நின்னா இந்தத் தலைப்பு. நிக்கலன்னா திருவிழா. சம்மதமா?”

“சம்மதங்க சார்.”

வியர்வையில் ஓரம் நைந்திருந்த தாளை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

அலமாரி சொன்னது

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வீட்டைத் தெரியும். அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரிக்குக் கல் ஏற்றுபவர். அம்மா பருத்திக் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் போவார். எங்கள் தெருவுக்குக் காலனி என்று பெயர். ஊருக்கும் எங்களுக்கும் நடுவே ஓர் ஓடை. அந்தத் தெருவில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. வரவும் வேண்டாம்.

வேதத்தின் மேல் எனக்குப் பக்தி எதுவும் இருக்கவில்லை. தலைப்பு எங்கிருந்து வந்தது என்றால், துறை நூலகத்தில் இருந்த ஒரு கண்ணாடி அலமாரியிலிருந்து வந்தது. எங்களுக்கு முன்பு படித்தவர்களின் ஆய்வேடுகளை அதில் அடுக்கி வைத்திருந்தார்கள். முதுகில் தலைப்பும் பெயரும் பொன்னிற எழுத்தில் இருக்கும். ஒரு மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் நின்று படித்தேன். எங்களைப் போன்ற தெருக்களிலிருந்து வந்தவர்களின் பெயர்களுக்கு மேலே எல்லாம் திருவிழா, ஒப்பாரி, குலதெய்வம். மற்றப் பெயர்களுக்கு மேலே அரசியல், நாணயம், கல்வெட்டு, வேத காலம்.

யாரும் அப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. எல்லோரும் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார்கள், உனக்குப் பழக்கமானதை எழுது என்று.

அன்று முடிவு செய்தேன். தெய்வங்களுக்குள்ளே யார் மேல், யார் கீழ் என்று முதன்முதலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறதோ அங்கேயே போய்ப் படிப்பது என்று.

ரேங்க் போட்ட கதை

விடுதித் தோழி ஆண்டிமடம் சுமதியை இந்த வாரம் உள்ளே கொண்டுவந்தே ஆக வேண்டும். போன இதழில் விடுதிச் சோற்றைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தாள். “ஏன்டி, ஒரு பக்கம் பூரா ரசத்தத் திட்டியிருக்க. நான் வாரா வாரம் கொண்டாந்து குடுத்த முந்திரிப் பருப்பு ஒனக்கு ஞாபகமே வரலியா?”

வந்தது. சுமதியின் விரல் நுனிகள் எப்போதும் கறுத்து, தோல் உரிந்திருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கும்போது தெறிக்கும் பால் பட்டு வெந்தது. லீவுக்குப் போனால் அவள் வீட்டில் அதுதான் வேலை. அந்த விரல்களால் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளுவாள். அவளும் என் துறைதான். அவளுக்குக் கோயில் நிலங்கள் பற்றிய தலைப்பு கிடைத்திருந்தது.

நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்த மொழிபெயர்ப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பழைய தாள்களில் பூச்சி அரித்த மாவு வாசனை. ஆங்கிலத்தை ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. பாடல் யாரைக் கூப்பிடுகிறது என்று பார்த்து, அந்தத் தெய்வத்தின் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து எனக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். அதிக மதிப்பெண் எடுத்தவர் முதல் ரேங்க்.

இந்திரன் எல்லோரையும் தாண்டி எங்கேயோ போய்விட்டான். அடுத்தது அக்னி. அப்புறம் சோமன். வருணனுக்குக் கோடுகள் குறைவு. விஷ்ணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது; அவன் பெரும்பாலும் இந்திரனுக்குத் துணையாக வருகிறான். பிற்காலத்தில் சிவனாகப் போகும் ருத்திரனுக்கு அதைவிடவும் குறைவு.

சுமதி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“விஷ்ணு எத்தனாவது ரேங்க்?”

“ரொம்பக் கீழ.”

“எங்க ஊர்ப் பக்கம் வந்து சொல்லிடாத. பெருமாள் கோயில் தெருவுலதான் வூடு எங்களுக்கு.” பிறகு இன்னொரு பெயரில் விரல் வைத்தாள். “இது யாரு, உஷஸ்?”

“விடியக்காலைக்கு ஒரு அம்மன். இருக்கறதுலயே அழகான பாட்டு அவளுக்குத்தான். ஆனா சோமரசம் படைக்கறப்ப அவளுக்குன்னு பங்கு இல்லியாம்.”

“பாட்டு மட்டும் பாடிட்டு அனுப்பிடுவாங்களா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“எங்க வூட்டு ஆம்பளைங்கதான் எழுதியிருப்பாங்க போல,” என்று சொல்லிவிட்டு சுமதி பொட்டலத்தை மடித்தாள்.

நான் சிரித்தேன். ஆனால் என் கணக்கில் ஓர் ஓட்டை விழுந்ததை அன்று கவனிக்கவில்லை. உஷஸுக்குக் கோடுகள் இருந்தன. பங்கு இல்லை. இரண்டும் ஒன்றல்ல என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மலையைப் பார்த்துக் காட்டிய தீபம்

அது உறைத்தது சிறுவாச்சூர்க் காளி கோயிலில்.

அம்மாவுக்கு ஒரு வேண்டுதல். என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை போனார். அந்தக் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஹைவேயில் கார்களும் வேன்களும் வரிசையாக நிற்கும். கூட்டத்தில் வேப்பிலை வாசனையும் மாவிளக்கு வாசனையும் வியர்வையும் ஒன்றாகக் கலந்திருந்தன. எல்லோரும் வந்திருந்தது காளிக்காக. எட்டிப் பார்த்ததும், கை தூக்கிக் கும்பிட்டதும், குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டியதும் காளியை.

தீபம் ஏற்றிய பூசாரி, முதலில் காளிக்குக் காட்டவில்லை. மலை இருக்கும் திசையைப் பார்த்துக் காட்டினார். அதற்குப் பிறகுதான் காளிக்கு.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சி. அந்த இடம் முதலில் செல்லியம்மனுக்குச் சொந்தம், காளிக்கு அதைக் கொடுத்துவிட்டுச் செல்லி மலைக்குப் போனாள், போகும்போது முதல் மரியாதையை மட்டும் தனக்கென்று கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எனக்கும் தெரிந்த கதைதான்.

ஆனால் அன்று அந்தத் தீபம் திரும்பியபோதுதான் என் கணக்கில் இருந்த ஓட்டை தெரிந்தது. கூட்டத்தை எண்ணினால் காளி பெரியவள். தீபத்தின் வரிசையைப் பார்த்தால் செல்லி பெரியவள். நான் வேதத்தில் எண்ணிக்கொண்டிருந்தது கூட்டத்தை.

பஸ்ஸில் அம்மா கேட்டார். “ஏன் பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க?”

“எல்லாத்தையும் மொதல்லேர்ந்து எழுதணும்மா.”

“எழுது. அதுக்குத்தான ஒன்ன அனுப்பியிருக்கோம்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு விலகல்: மாவட்டம்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு செய்தி. எங்கள் அரியலூர் ஒரு முறை மாவட்டத் தலைநகர் ஆனது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, போர்டு மாட்டினார்கள், டீக்கடைக்காரர்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச காலத்திலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். போர்டைக் கழற்றினார்கள். இப்போது திரும்பவும் தனி மாவட்டம் ஆக்கப் போவதாகப் பேச்சு. ஊர் அதே ஊர்தான், அதே சிமெண்டுப் புழுதிதான். அதன் நிலை மட்டும் ஏறி இறங்கி ஏறுகிறது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. எல்லோரையும்விட அதிகம் பாடப்பட்ட இந்திரனுக்கு இன்று எங்கள் பக்கத்தில் தனிக் கோயில் ஒன்றை நான் பார்த்ததில்லை. வருணன், மனிதர்கள் செய்த பிழையெல்லாம் பார்க்கிறவன், மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்க வேண்டும். இப்போது மழை இல்லாத வருடத்தில் மட்டும் ஞாபகத்துக்கு வருகிறான். தேடிப் பிடிக்க வேண்டியிருந்த விஷ்ணுவுக்கும் ருத்திரனுக்கும் வானம் தொடும் கோபுரங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் தெய்வத்தைப் பாடுகிறார்களோ, அந்தப் பாட்டு முடியும்வரை அந்தத் தெய்வம்தான் எல்லோரிலும் பெரியது. தேர்தல் மேடையில் மைக்கைப் பிடித்தவர், வந்து உட்காருகிற ஒவ்வொருவரையும் இவரைப் போல் உண்டா என்று வரவேற்பாரே, அது போல. புகழை வைத்து நிலையைச் சொல்ல முடியாது.

ஆகவே எண்ணிக்கையை விட்டேன். புகழையும் விட்டேன். சிறுவாச்சூர் கொடுத்த வரிசையைக் கையில் எடுத்தேன். யாரை முதலில் கூப்பிடுகிறார்கள், யாருக்கு முதல் படையல். அப்படிப் பார்த்தால் அக்னி முன்னால் வந்தான். வேதப் பாடல் தொகுப்பின் முதல் பாட்டே அவனுக்குத்தான். மற்றத் தேவர்களுக்குரிய படையலை அவர்களிடம் சுமந்து போகிறவன் அவன். சுமந்து போகிறவனுக்கு முதல் மரியாதை.

கட்டுரை ஏறக்குறைய முடிந்தது என்று நினைத்தேன். அப்போது எங்கள் ஊரில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள்.

கலயம்

எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி ஒரு மதில். உள்ளே ஐயனார், கன்னிமார், வீரன். மதிலுக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம், எங்கள் தெரு இருக்கும் எல்லையில் ஒரு வேலும் ஒரு கல்லும். அது கருப்பு. அது எங்கள் தெருவின் சாமி.

பொங்கல் பொங்கி, உள்ளே இருக்கிற தெய்வங்களுக்கு வரிசையாகப் படைத்து முடித்ததும், எல்லாப் பானைகளின் அடியிலும் ஒட்டியிருப்பதைச் சுரண்டி ஒரு மண் கலயத்தில் போடுவார்கள். பாதி தீய்ந்திருக்கும். பூசாரி அதைக் கொண்டுவந்து மதில் வாசலுக்கு வெளியே தரையில் வைப்பார். கையில் கொடுக்க மாட்டார். அதை எங்கள் தெருவிலிருந்து ஒருவர் எடுத்துப் போய்க் கருப்புக்கு வைக்க வேண்டும். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அவர் ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் கால் வைக்கும்வரை ஊரில் யாரும் இலை போட மாட்டார்கள். பசித்த குழந்தைக்குக்கூட ஒரு வாய் கிடையாது.

அந்த ஒருவர், எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, என் அப்பா.

அந்த வருடம் நான் மதிலுக்கு வெளியே, எங்கள் தெருக்காரர்கள் நிற்கும் ஓரத்தில் அத்தையோடு நின்றிருந்தேன். வெயில் சாய்ந்த நேரம். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து கலயத்தை எடுத்தார். தீய்ந்த வெல்லத்தின் வாசனை எங்கள் பக்கம் வந்தது. மதிலுக்குள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாரு, ஊரே எங்கண்ணன் காலடியத்தான் பாக்குது,” என்றார் அத்தை. “ஒங்கப்பன் ஓடையில ஒக்காந்து பீடி பத்த வச்சிட்டாப் போதும். அம்புட்டுப் பேரும் பட்டினி.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா ஓடைக்குள் இறங்கி மறைந்தார். பிறகு அந்தப் பக்கம் ஏறினார். வைத்தார். நிமிர்ந்தார். திரும்பி நடந்து வந்தார், பின்னால் பார்க்காமல். இந்தக் கரையில் அவர் கால் பட்டதும் மதிலுக்குள் இலைகள் விரியும் சத்தம்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

“ஏம்ப்பா, கருப்புக்கு மிச்சத்தத்தான வைக்கறாங்க?”

“மிச்சம்தான்.”

“ஒனக்கு அது ஒரு மாதிரி இல்லியா?”

“என்னத்துக்கு? அது சாப்புடாம அவங்க ஒருத்தரும் சாப்புட முடியாதுல்ல. பயம் இருக்கில்ல.”

“பயம் இருக்கு. அப்பறம் ஏன் ஒன்ன மதிலுக்கு உள்ள வுடல?”

அப்பா சொம்பில் இருந்த தண்ணீரை மற்றக் காலிலும் ஊற்றினார்.

நூலகத்தில் ஒரு வரி

விடுதிக்குத் திரும்பியதும் ருத்திரனிடம் போனேன். எண்ணிக்கையிலும் கடைசி, வரிசையிலும் கடைசி என்று ஒரு பத்தியில் முடித்திருந்தேன் அவனை.

அவனுக்கான பாட்டுகள் மற்றப் பாட்டுகளைப் போல இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. மற்றத் தெய்வங்களை வா என்று கூப்பிடுகிறார்கள். இவனிடம் எங்கள் பிள்ளைகளை ஒன்றும் செய்யாதே, மாடுகளை ஒன்றும் செய்யாதே, உன் அம்பு வேறு பக்கம் போகட்டும் என்று கெஞ்சுகிறார்கள். வேதங்களை அடுத்து வந்த சடங்கு நூல்களை விளக்கும் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்தேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

வேள்வி நடந்த இடத்தில் மிஞ்சியது ருத்திரனுடைய பங்கு. அவனுக்குரிய படையல் ஒன்றை வேள்விச் சாலைக்கு வெளியே, வழிகள் கூடும் இடத்துக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். வைத்தவர்கள் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள்.

அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தேன். அகராதியில் பார்க்க அதில் எதுவும் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த வார்த்தைகள். எதிரே உட்கார்ந்திருந்த சுமதி, என்னடி என்று வாயசைவில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

சுமதிக்கு எங்கள் தெருவைத் தெரியாது. கல்லூரியில் யாருக்கும் நான் சொன்னதில்லை. வெட்கப்பட்டு மறைக்கவில்லை, என் மதிப்பெண்ணைப் பார்க்கிற கண்ணில் வேறு எதுவும் கலக்கக் கூடாது என்று நினைத்தேன். இப்போது இந்தக் கட்டுரையை முழுதாக எழுத வேண்டுமென்றால், அந்தக் கலயத்தைப் பற்றி எழுத வேண்டும். எழுதினால், பார்த்தாயா, கடைசியில் திருவிழாவுக்குத்தானே வந்தாய் என்பார்கள். எழுதாவிட்டால் கட்டுரைக்கு முதுகெலும்பு இல்லை.

ருத்திரனை மட்டும் திருத்தி எழுதினேன். கலயத்தைக் கட்டுரையில் சேர்க்கவில்லை. யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கருத்தரங்கம்

கேட்டார்கள்.

மின்விசிறி கடகடத்த ஓர் அறை. முன்வரிசையில் ஆசிரியர்கள், நடுவில் துறைத்தலைவர். பின்னால் மாணவர்கள். நான் வாசித்து முடித்தேன். எண்ணிக்கை ஏன் போதாது, புகழ் ஏன் போதாது, வரிசையும் ஏன் போதாது என்று சொல்லியிருந்தேன்.

துறைத்தலைவர் பேனாவை மூடினார். “எல்லாம் சரி. ருத்திரன் பெரிய தெய்வமா, சின்ன தெய்வமா? அத நீ சொல்லவே இல்லியே. ஒரே வார்த்தையில சொல்லு.”

“ஒரே வார்த்தையில வராதுங்க சார்.”

“அப்ப அளவுகோல் இல்லாம எதுக்கு அளக்கப் போன?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஓர் ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கட்டுரை நிற்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில், சரிம்மா, திருவிழாவ எடுத்துக்க என்று அக்கறையோடு சொல்வார்.

நான் தாளை மூடி மேசைமேல் வைத்தேன்.

“சார், வேதத்துல தேவர்களுக்குப் படையலச் சொமந்துட்டுப் போறது அக்னி. அவருக்கு மொதப் பாட்டு. எங்க ஊர்ல எல்லக் கருப்புக்குப் படையலச் சொமந்துட்டுப் போறது எங்கப்பா. அவருக்கு மதிலுக்கு வெளிய எடம். கலயத்தக் கையில குடுக்க மாட்டாங்க, தரையிலதான் வைப்பாங்க. அதுல இருக்கறது மிச்சம். ஆனா எங்கப்பா அத வச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வர்ற வரைக்கும் ஊரே சாப்புடாமக் காத்துக்கிட்டு இருக்கும். இப்ப சொல்லுங்க சார், எங்க கருப்பு பெரிய சாமியா, சின்ன சாமியா?”

துறைத்தலைவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். நான் விடவில்லை.

“கருப்பப் பாத்து எல்லாரும் பயப்படறாங்க. பயப்படறதுனாலதான் வெளியவே வச்சிருக்காங்க. ருத்திரனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கு. பயம் வேற, மதிப்பு வேற. ருத்திரன் அப்பறம் கோபுரத்துக்குள்ள போயிட்டாரு. அவருக்குப் படையல் கொண்டு போனவங்க உள்ள போனாங்களான்னு எந்தப் பாட்டுலயும் இல்ல. அதனால ஒரு தெய்வத்தோட நிலையச் சொல்லணும்னா, யாரு குடுக்கறது, யாரு தூக்கறது, எங்க வைக்கறதுன்னு பாக்கணும். அதுதாங்க சார் என் அளவுகோல்.”

கடிகாரத்தைப் பார்த்த ஆசிரியர் கேட்டார். “சாமியிலயும் ஜாதி பாக்கறியாம்மா?”

“நான் பாக்கலீங்க சார். இலை போடறவங்க பாக்கறாங்க.”

சுமதி என்னைப் பார்க்காமல் தன் கறுத்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் விடுதி மாடியில் அவள் கேட்டது ஒன்றுதான். “ஏன்டி எங்கிட்டகூடச் சொல்லல?” “நீ கேக்கலியே,” என்றேன். “இப்ப கேக்கறேன், சொல்லு,” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். அது வேறு ஒரு வாரத்துக்கு.

வாசலில்

எல்லோரும் போன பிறகு துறைத்தலைவர் என்னை நிறுத்தினார். நான் முதல் நாள் கொடுத்த தலைப்புத் தாள் அவர் கையில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

“நிக்குது,” என்றார்.

“நன்றிங்க சார்.”

“அவசரப்படாத. நீ இன்னிக்குப் பேசுனதுல ஒரு சொல்லக்கூட நீ மூலத்துல படிக்கல. யாரோ பெயர்த்துக் குடுத்தத வச்சுத்தான் பேசுன. நாளைக்கி பி.எச்டி.ன்னு வேற எடத்துக்குப் போனா, மொதக் கேள்வியே அதுதான் கேப்பாங்க. சமஸ்கிருதம் தெரியுமான்னு. இங்க மாதிரி விட மாட்டாங்க. அதுக்கு என்ன பண்ணுவ?”

“சேந்துட்டேங்க சார்.”

“எங்க?”

“திருச்சியில. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வகுப்பு. போன வாரம்தான் ஆரம்பிச்சாங்க.”

“இன்னிக்கு நிக்கலன்னா என்ன பண்ணியிருப்ப?”

“அப்பவும் போயிருப்பேங்க சார்.”

அவர் என்னைப் பார்த்தார். இந்த முறை தலைப்பை மறுபடி பார்க்கவில்லை.

அந்த முதல் வகுப்பில் எங்களுக்குக் கொடுத்த பாடம் மூச்சு. தமிழில் நாம் ஒரே எழுத்தால் எழுதுகிற ஒலியை அங்கே நான்கு விதமாகச் சொல்ல வேண்டும். சிலவற்றுக்கு வாயிலிருந்து காற்று வெளியே வர வேண்டும். உள்ளங்கையை வாய்க்கு எதிரே பிடித்துச் சொல்லிப் பாருங்கள், காற்று பட்டால் சரி, படாவிட்டால் தப்பு என்றார் சொல்லிக்கொடுத்தவர். வகுப்பு முடியும்வரை எனக்குப் படவே இல்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையை முகத்துக்கு எதிரே வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் காய்கறிப் பையை மடியில் வைத்திருந்த, முன்பின் தெரியாத ஓர் அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“பல்லு வலியா கண்ணு?”

“இல்லீங்கம்மா. படிக்கறேன்.”

“கையப் பாத்தா?”

“ஆமாங்கம்மா.”

அவர் தள்ளி உட்கார்ந்தார். பாடாலூர் தாண்டும்போது, உள்ளங்கையின் நடுவில் சூடாகக் காற்று பட்டது.